பம்பாய் சால்களும் சுகாதார அதிகாரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரேல், லால்பாக், வொர்லிப் பக்கம் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வழக்கம். ஊரிலிருந்து வந்தவர்களும் சரி, மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் சரி, பழைய சால் கட்டடங்களைப் பார்த்ததும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இந்த வீடுகளை யாரும் கண்காணிக்கவே இல்லையா, கண்காணித்தார்கள் என்றால் ஏன் இப்படி இருந்தன என்பதில்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள். 1896 பிளேக் தொடங்கி 1930 வரையிலான கதையைக் கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

சால்னா என்ன சார், நம்ம திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரியா?

நெருக்கடியில் அப்படித்தான். ஆனால் ஒண்டுக்குடித்தனம் பெரும்பாலும் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு, பின்னால் பல குடித்தனங்களாகப் பிரிந்தது. சால் தொடக்கத்திலேயே வாடகைக்கென்று கட்டப்பட்டது. இரண்டு முதல் நாலு மாடி, மாடிக்கு மாடி நீளமான தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பத்துக்குப் பத்து அடியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். அறை மூலையில் பாத்திரம் துலக்கவும் குளிக்கவும் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. அதை மோரி என்பார்கள். கக்கூஸும் குழாயும் பொது.

தாழ்வாரம் வெளிப்பக்கமாக இருந்தால் கொஞ்சம் காற்று வரும். நடுவில் நடை விட்டு இரண்டு பக்கமும் அறை கட்டியிருந்தால் பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டும். சாலுக்கும் கீழே ஒரு படி உண்டு. காய்ந்த ஓலை வேய்ந்த ஜாவ்லி குடிசைகளும், மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி எழுப்பிய தகரக் கொட்டகைகளும்தான் அவை. சாலில் அறை கொடுக்க மறுக்கப்பட்ட தலித் குடும்பங்கள் பலவும் அங்கேதான் இருந்தன.

ஒரு ரூம்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

1931 மக்கள்தொகைக் கணக்குப்படி நகரத்தில் 100க்கு 74 பேர் ஓரறை வீடுகளில் வாழ்ந்தார்கள். ஓர் அறைக்கு 6 முதல் 9 பேர் என்ற கணக்கில் இருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். 20 பேரும் அதற்கு மேலும் இருந்த அறைகளில் 15 ஆயிரம் பேர். பிளேக் வந்து 35 வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைவிடப் பளிச்சென்று புரியவைப்பது ஒரு டாக்டர் அம்மா எழுதியது. மில்லில் வேலை பார்க்கும் பெண்களின் பிரசவ நிலைமையை ஆராய 1920களின் தொடக்கத்தில் டாக்டர் பார்ன்ஸ் என்பவர் நியமிக்கப்பட்டார். ஒரு சாலின் இரண்டாவது மாடியில், 15 அடிக்கு 12 அடி அறையில், 6 குடும்பங்கள் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். தரையில் 6 அடுப்புகள். பெரியவரும் குழந்தையுமாக 30 பேர். அவர்களில் பிரசவத்தை எதிர்பார்த்திருந்த பெண்களும் உண்டு.

குடும்பத்தை ரத்னகிரியிலோ சத்தாராவிலோ விட்டுவிட்டு வந்த ஆண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுப்பார்கள். சாப்பாடு கானாவளியில், அதாவது ஒரு பெண்மணி தன் அறையிலேயே நடத்தும் மெஸ்ஸில். அறை பெட்டி வைக்கத்தான், படுக்கை தாழ்வாரத்திலோ தெருவிலோ. அதனால் அறையின் கூட்டம் பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று, மழைக்காலத்தில் இன்னொன்று.

இதையெல்லாம் கவனிக்க அப்போ ஆளே கிடையாதா?

இருந்தார்கள். 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் கமிஷனருக்கும் அவருக்குக் கீழே இருந்த ஹெல்த் ஆபீசருக்கும் நிறைய அதிகாரம் கொடுத்தது. வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம், வெள்ளையடிக்கச் சொல்லலாம், மனிதர் வாழத் தகுதியில்லை என்று அறிவிக்கலாம், கூட்டம் அதிகம் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். காகிதத்தில் குறையில்லை.

நடைமுறையில் ஹெல்த் டிபார்ட்மென்டின் பெரும்பாடு கழிவை அள்ளுவதுதான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நுழையுமளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள், வீட்டு கல்லி என்று பெயர். கக்கூஸின் கூடைகள் அந்தப் பக்கம்தான் திறக்கும். ஹலால்கோர் எனப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் அதற்குள் போய் கூடையை மாற்றி வருவார்கள். மேல்மாடி மோரித் தண்ணீர், குப்பை, சோற்று மிச்சம் எல்லாம் அதே சந்தில் விழும். அறைக்கு இருக்கிற ஒரே ஜன்னலும் அநேகமாக அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் சுகாதார உபதேசத்துக்கு மக்கள் ஏன் செவிசாய்க்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிளேக் வந்த பிறகுதான் அரசாங்கம் கண் திறந்ததா?

சாலுக்குள் அரசாங்கம் காலடி வைத்தது பிளேக்கினால்தான். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் நோயை அடையாளம் கண்டார். அங்கே தானியக் கிடங்குகள் அதிகம். அடுத்த மாதமே கமிஷனர் ஸ்னோ, எந்த வீட்டிலும் நுழையவும் நோயாளியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதிகாரம் எடுத்துக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டார். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா சமயத்தில் தூசு தட்டி எடுத்தார்களே, அதே சட்டம்தான்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், பம்பாய் துறைமுகத்தின் பஞ்சும் சரக்கும் ஐரோப்பாவுக்குப் போயாக வேண்டும். பிளேக் ஊர்க் கப்பலைத் தங்கள் கரையில் ஒதுங்க விடமாட்டோம் என்று மற்ற நாடுகள் மிரட்டின. காலராவும் அம்மையும் அதற்கு முன்பும் சால்களில் கொத்துக் கொத்தாக ஆளை அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. அப்போது வராத வேகம் இது.

வீட்டுக் கூரையையே பிரிச்சுப் போட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். சூரிய வெளிச்சம் பட்டால் கிருமி சாகும் என்று ஓடுகளைக் கழற்றினார்கள். மண் தரையைத் தோண்டி எடுத்தார்கள். கார்பாலிக் அமிலத்தைக் குழாயில் பீய்ச்சிச் சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாக்கடைகளில் கடல் தண்ணீரை அடித்து விட்டார்கள். பிளேக் கண்ட வீட்டுச் சுவரில் சிவப்பு வட்டம் போட்டுத் தேதி எழுதினார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் ஒரே வாசலில் வரிசையாக வட்டங்களைப் பார்க்கலாம்.

இன்னொரு குறி, யு.எச்.எச். என்ற மூன்று ஆங்கில எழுத்து. மனிதர் வாழத் தகுதியற்றது என்பதன் சுருக்கம். அதைப் பூசிவிட்டால் அந்த அறையில் யாரும் குடியிருக்கக் கூடாது. குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றால், பக்கத்துச் சாலில் இருக்கும் ஊர்க்காரர் அறைக்கு. இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள், கீழே பல பதில்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

நல்லதுக்குத்தானே செஞ்சாங்க, ஜனங்க ஏன் கல்லெறிஞ்சாங்க?

1896 அக்டோபர் 29 அன்று ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு தொற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. நோய் முற்றிய பிறகே கொண்டுபோனதும் அதற்கு ஒரு காரணம், ஆனால் தெருவில் நிற்பவனுக்குத் தெரிவது உள்ளே போன அண்ணன் பிணமாக வந்தான் என்பது மட்டும்தான். ஜாதிக் கலப்பு பற்றிய பயம், பெண்களின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று அந்நிய ஆண்கள் தொட்டுப் பார்த்தது, சாமான்களை எரித்தது எல்லாம் சேர்ந்துகொண்டன. 1898 மார்ச்சில் மதன்புராவின் நெசவாளர்கள் ஒரு பெண்ணைப் பரிசோதிக்க வந்ததை எதிர்த்துக் கிளம்பியது பெரிய கலவரமானது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. ஆஸ்பத்திரி தாக்கப்பட்ட உடனே கமிஷனர் ஸ்னோ கட்டாய அகற்றலைத் தளர்த்தினார். அவருக்குப் பெரிய பயம் கல்லெறிந்தவர்களைப் பற்றியது அல்ல. ஹலால்கோர்கள் பயந்து ஊரைவிட்டு ஓடிவிட்டால் நகரம் இரண்டு நாள் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் நகரத்தில் பாதி ஜனம் ஊருக்குக் கிளம்பிப் போனது. கூடையைத் தூக்குகிறவர்கள் இருந்ததால் மிச்சம் பேர் பிழைத்தார்கள்.

எலிதான் காரணம்னு தெரியாமலா இவ்வளவும் செஞ்சாங்க?

கிருமி எது என்பது 1894இலேயே ஹாங்காங்கில் யெர்சின் மூலம் தெரிந்துவிட்டது. அது எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோன் காட்டினார். யாரும் லேசில் நம்பவில்லை. அழுக்கு, ஈரம், கெட்ட காற்று என்ற பழைய எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

பம்பாயில் லிஸ்டன் என்ற ராணுவ மருத்துவர் செய்த சோதனையைப் பாருங்கள். பிளேக்கால் காலியான வீடுகளில் கினிப் பன்றிகளை விட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் அவற்றின் உடம்பெல்லாம் எலித் தெள்ளு. எலிகள் செத்துவிட்டதால் தெள்ளுகள் கிடைத்த உடம்பில் ஏறிக்கொண்டன. அந்த அறையில் மனிதன் படுத்திருந்தால் அவன்மேல் ஏறியிருக்கும். 1905இல் அமைந்த ஆராய்ச்சிக் குழு பரேல் ஆய்வகத்தில் இதை ஐயமில்லாமல் நிறுவியது.

அப்படிப் பார்த்தால் சாக்கடையில் கடல் தண்ணீர் அடித்ததில் எலிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதுதான் மிச்சம். ஆனால் தவறான காரணத்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனதில், காசநோய்க்கும் குழந்தைச் சாவுக்கும் உண்மையிலேயே காரணமான இருட்டறைகள் அரசாங்க அறிக்கைகளில் ஏறின.

இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டுனு ஒண்ணு வந்துச்சே, அது ஏழைங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துச்சா?

கட்டியது, ஆனால் இடித்த வேகத்தில் கட்டவில்லை. பம்பாய் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1898இல் தனிச் சட்டத்தின் மூலம் வந்தது. சேரிகளை இடிப்பது, கடற்காற்று ஊருக்குள் வர அகலமான சாலை போடுவது, தொழிலாளருக்கு வீடு கட்டுவது என்று வேலைகள். முதல் திட்டம் நாக்பாடா. பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இரண்டும் அதன் கைவரிசை. சாலை வந்த இடத்தில் இருந்தவர்கள் புதுச் சாலுக்குப் போகவில்லை, பக்கத்துத் தெருவில் அடைந்தார்கள். யு.எச்.எச். குறியைப் பற்றி மேலே சொன்னேனே, அதே கதை.

இதில் ஒரு கூத்தும் உண்டு. நிலத்தைக் கையகப்படுத்தும்போது வாடகை வருமானத்தை வைத்து இழப்பீடு கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தில் ஆளை அடைத்து அதிக வாடகை வாங்கியவருக்கு அதிக இழப்பீடு. ஒழுங்காகக் காற்றோட்டம் விட்டுக் கட்டியவருக்குக் குறைவு. சேரி நடத்தியதற்குப் பரிசு கொடுத்த மாதிரி. 1909 முதல் டிரஸ்ட் தலைவராக இருந்தவர் பெயர் ஓர் (Orr). அவர் இதைப் பற்றி வெளிப்படையாகவே புலம்பியிருக்கிறார். அவர் காலத்தில்தான் இடிப்பதைக் குறைத்துக்கொண்டு தாதர், மாட்டுங்கா போன்ற வடக்குப் புறங்களில் புது மனைகளை உருவாக்கிக் கூட்டத்தை அங்கே இழுக்கும் வழிக்கு டிரஸ்ட் சாய்ந்தது.

63½ டிகிரினு ஒரு ரூல் இருந்துச்சாமே, அது என்ன கணக்கு?

ஓருக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஓர் அறையின் வெளிச்சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு தரையோடு 63½ டிகிரிக்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது. பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், கட்டடத்தின் உயரம் நடுவிலுள்ள திறந்தவெளியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 40 அடிக் கட்டடம் என்றால் நடுவே 20 அடி இடைவெளி. லண்டனின் 1894 கட்டடச் சட்டத்திலேயே பின்புற இடைவெளிக்கு இந்தக் கோணம் இருந்தது.

இப்போது மூன்றாவது பதிலில் வந்த வீட்டு கல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். 40 அடி உயரத்துக்கு நடுவே நாலடிச் சந்து. கீழ்மாடி அறையில் நின்று அண்ணாந்தால் தெரிவது ஒரு கோடு வானம். பழைய நகரத்தில் இந்த விதியை அப்படியே போட்டால் பாதிக் கட்டடங்களை இடிக்க வேண்டும். அதனால் டிரஸ்ட்டின் புது நிலங்களில்தான் அது உயிரோடு இருந்தது. மாட்டுங்காவில் நடக்கும்போது வீடுகளுக்கு நடுவே ஏன் இவ்வளவு தாராளம் என்று தோன்றினால், காரணம் இந்தக் கோணம்.

இன்ஸ்பெக்டர் வந்து "கூட்டம் ஜாஸ்தி, காலி பண்ணு"ன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க?

பண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. மில்லுக்கு நடந்து போகும் தூரத்தில் அந்த வாடகைக்கு வேறு அறை கிடையாது. இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். சுத்தம், வெள்ளை, சாக்கடை இதற்கெல்லாம் நோட்டீஸ் பறக்கும். ஆள் கூட்டத்துக்கு நடவடிக்கை எடுப்பது மிக அபூர்வம். எடுத்தால் 30 பேர் தெருவுக்கு வருவார்கள், அல்லது அடுத்த அறையில் 30 பேர் கூடுவார்கள்.

என் அபிப்பிராயத்தில் மொத்தக் கதையின் முடிச்சு இதுதான். சுகாதார அதிகாரியின் கைக்குச் சுவரும் ஜன்னலும் சாக்கடையும் எட்டின. வாடகையும் கூலியும் எட்டவில்லை. அறைக்கு ஆள் கூடுவது அழுக்குப் பழக்கத்தால் அல்ல, வாடகையைப் பங்குபோட. அதைத் தொடும் சட்டம் 1918இல்தான், உலகப்போர்க் கால வாடகைக் கட்டுப்பாடாக வந்தது.

வீட்டுக்காரங்களை ஏன் பிடிச்சு உள்ளே போடல?

மாநகராட்சிக்கு ஓட்டுப் போட்டது யார் என்று பாருங்கள். வரி கட்டுகிறவர்கள். சால் சொந்தக்காரர்கள், வியாபாரிகள், படித்த தொழில்காரர்கள். சாலில் குடியிருந்தவனுக்கு ஓட்டு இல்லை. மாதம் 10 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கும் ஓட்டு என்று 1922இல் மாற்றினார்கள், அதிலும் மூன்று நாலு ரூபாய் அறைக்காரர் வரமாட்டார். கட்டட விதிகளைக் கடுமையாக்கும் யோசனை வரும்போதெல்லாம் சபையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இதில் எல்லாரையும் ஒரே தராசில் போடவும் முடியாது. தலைமைக் குத்தகைக்காரர் ஒருவர் ஒரு சால் முழுவதையும் எடுத்து அறை அறையாக உள்குத்தகை விடுவார், அறைக்காரர் மூலையை விடுவார். நோட்டீஸ் யார் பேருக்குப் போக வேண்டும் என்பதே வழக்காகிவிடும்.

கிணத்தை எல்லாம் மூடினாங்களே, அது எதுக்கு?

மலேரியாவுக்கு. 1911இல் பென்ட்லி என்ற மருத்துவர் பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து, கொசு வளர்வது சதுப்பு நிலத்தில் அல்ல, வீட்டு முற்றத்துக் கிணறுகளில்தான் என்று கண்டுபிடித்தார். மூடு அல்லது நிரப்பு என்று உத்தரவு வந்தது. பார்சிகளும் இந்துக்களும் கிணற்றுத் தண்ணீர் சடங்குக்கு வேண்டும் என்று எதிர்த்தார்கள். பிறகு கம்பி வலைக் கதவு, கைப்பம்பு என்று சமரசம். மற்ற நடவடிக்கைகளைவிட இது பலன் தந்தது, காரணம் எளிது: யாரையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

குழந்தைங்க ஆயிரத்துக்கு 828 செத்துச்சுன்னு படிச்சேன். நம்புற மாதிரி இல்லையே?

சந்தேகம் சரிதான். 1921இல் ஓரறை வீடுகளுக்கு ஹெல்த் டிபார்ட்மென்ட் கொடுத்த எண், ஆயிரம் பிறப்புக்கு 828 குழந்தைச் சாவு. இரண்டறை வீடுகளில் 322, மூன்றறையில் 191, நாலும் அதற்கு மேலும் 133. நகரம் முழுமைக்கும் 667.

சிக்கல் வகுக்கும் எண்ணில். பிரசவத்துக்குத் தாய் ஊருக்குப் போவாள், பிறப்பு ரத்னகிரியில் பதிவாகும் அல்லது பதிவே ஆகாது. சில மாதம் கழித்துக் குழந்தையோடு சாலுக்குத் திரும்புவாள். குழந்தை இறந்தால் அது பம்பாய்க் கணக்கு. மேலே சாவு கூட, கீழே பிறப்பு குறைய, விகிதம் எகிறிவிடும். ஊருக்குப் போய் வருவது ஓரறைக்காரர்களே அதிகம் என்பதால் அவர்கள் எண்ணே அதிகம் வீங்கும். பத்து வருஷத்துக்குள் நகரத்தின் எண் 300 அளவுக்கு இறங்கியதில் இந்தக் கணக்குக் கோளாறுக்கும் இன்ஃப்ளூயன்சா ஓய்ந்ததற்கும் பங்கு உண்டு. அதற்காக 828ஐத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். ஓரறைக்கும் நாலறைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை எந்தத் திருத்தமும் முழுக்க மூடாது. டாக்டர் பார்ன்ஸ் இன்னொன்றும் எழுதினார்: மில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்பட்டது. பாலகோலி என்று உருண்டையாகக் கடையில் கிடைக்கும். தாய் வேலைக்குப் போன நேரத்தில் குழந்தை அழாமல் தூங்க வேண்டுமே.

1918 ஃப்ளூவில் எல்லாரும்தானே செத்தாங்க, அதில் வீடு எங்கே வந்தது?

எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் ஒரே அளவில் சாகவில்லை. பம்பாயில் சமூகவாரியாக எடுத்த கணக்கில் ஐரோப்பியர் ஆயிரத்துக்கு 8.3, பார்சிகள் 9, ஒடுக்கப்பட்ட ஜாதி இந்துக்கள் 61.6, பிற இந்துக்கள் 18.9. முதல் பதிலில் சொன்ன ஜாவ்லி குடிசையையும் தகரக் கொட்டகையையும் இந்த 61.6க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாப்பாடும் வைத்தியமும் கூடச் சேரும், வீடு மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் அரசாங்கமே பி.டி.டி. சால் கட்டிச்சே, அது ஏன் காலியாக் கிடந்துச்சு?

கவர்னர் ஜார்ஜ் லாயிட் 1920இல் டெவலப்மென்ட் டைரக்டரேட் என்று ஒன்றைத் தொடங்கி (பி.டி.டி. என்பது பாம்பே சேர்த்த அதன் சுருக்கம்) 50 ஆயிரம் குடியிருப்புகள் கட்டப்போவதாக அறிவித்தார். நகரத்துக்குள் வரும் பஞ்சுப் பொதிக்கு ஒரு ரூபாய் வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். கட்டியது 207 சால்: வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் ரோட்டில் 32, சிவ்ரியில் 12. ஒவ்வொன்றும் தரையோடு சேர்த்து நாலு தளம், தளத்துக்கு 20 அறை, அறை 160 சதுர அடி. மொத்தம் 16 ஆயிரத்துக்கு மேல், சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு.

கான்கிரீட் கட்டடம், அப்போதைக்குப் புது தொழில்நுட்பம். கோடையில் கொதிக்கும், மழையில் சாரல் அடிக்கும் என்று குடிவந்தவர்கள் முறையிட்டார்கள். வாடகை பழைய சால்களைவிடக் கூடுதல். வொர்லி அப்போது ஒதுக்குப்புறம், கடைத்தெருவோ விளக்கோ சரியாக இல்லை. 1925, 1928 வேலைநிறுத்தங்களில் கூலியே இல்லாதபோது யார் புதுச் சாலுக்குப் போவார்கள்? சட்ட மறுப்பு இயக்கத்தின்போது வொர்லியின் காலிச் சால்களைத் தற்காலிகச் சிறையாக்கினார்கள். தொழிலாளிக்குக் கட்டியது கைதிக்கு உதவியது.

மில் முதலாளிங்க ஏன் கட்டிக் கொடுக்கல?

சிலர் கொஞ்சம் கட்டினார்கள். நிலம் விலை அதிகம், அந்தப் பணத்தைத் தறியில் போட்டால் லாபம் அதிகம். தொழிலாளியும் விரும்பவில்லை. முதலாளியே வீட்டுக்காரன் என்றால் ஸ்ட்ரைக் செய்த அன்றே வீடும் போகும்.

நம்ம தமிழ் ஆளுங்க இதில் எங்கே வர்றாங்க?

இரண்டு இடத்தில். டிரஸ்ட் உருவாக்கிய மாட்டுங்காவில் குமாஸ்தா, ஸ்டெனோ வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் குடியேறினார்கள். 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி அங்கே தொடங்கியது. அதே காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குப் போனார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில்பாதை. ஒரு பக்கம் 63½ டிகிரி, மறுபக்கம் எந்த டிகிரியும் இல்லை. பெரியவர்கள் பலர் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போ பி.டி.டி. சால்களை இடிச்சு டவர் கட்டுறாங்களே, அங்கே இந்த வெளிச்ச ரூல் பொருந்துமா?

160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி, உள்ளேயே கக்கூஸ். மூன்று தலைமுறையாகக் காலையில் வரிசையில் நின்றவர்களிடம் போய் பாரம்பரியக் கட்டடம் போகிறதே என்று நான் அங்கலாய்க்க மாட்டேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வொர்லியின் புதுக் கட்டடங்கள் 40 மாடி. மாடிக்குப் பத்தடி என்றாலே 400 அடி, ஓரின் விதிப்படி நடுவே 200 அடி வேண்டும். போய் நின்று பாருங்கள், எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று.

இதையெல்லாம் நேரில் பார்க்கணும்னா எங்கே போறது?

வொர்லியில் ஜாம்போரி மைதானத்தைச் சுற்றி மிச்சமிருப்பதை முதலில் பாருங்கள், மறுகட்டுமானம் அங்கே வேகமாகப் போகிறது. பிறகு சிவ்ரி. துறைமுகத்துக்குச் சொந்தமான நிலம் என்பதால் மற்ற மூன்று இடங்களோடு அதன் மறுகட்டுமானம் தொடங்கவில்லை, பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. டிரஸ்ட் கட்டிய சால் பார்க்க வேண்டுமென்றால் பரேல். அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை குடியிருந்த சால் அங்கேதான், இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள். ஒரு சின்ன வேண்டுகோள்: இவை எல்லாமே ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். தாழ்வாரத்தில் ஏறுவதற்கு முன் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.